கறையான் அரிக்காத நோட்டு

5.3.2025, புதன். சாம்பல் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கினேன். ஒருசந்தி, ஒரு நேரம்தான் சாப்பாடு. மத்தியானம் கஞ்சியும் காணப்பயறுத் துவையலும். இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "கஞ்சியில உப்பே இல்லியே" என்றார். தவக்காலம் நாற்பது நாளும் அப்படித்தான் என்றேன்.

கீரை 15, தேங்காய் 32, தவக்கால உண்டியல் 10.

கணக்கு எழுதி முடித்ததும் மிச்ச இடத்தில் நாலு வரி எழுதுவது கல்யாணமான வருடத்திலிருந்து பழக்கம். எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கையைவிட்டுப் போய்விடக் கூடாதென்று ஆரம்பித்தது. இன்றைக்கு எழுத விசேஷம் ஒன்றும் இல்லை. ஆண்டவருக்குத் தோத்திரம்.

9.3.2025, ஞாயிறு

பூசை முடிந்து அறிவிப்பு வாசித்தார்கள். ஏப்ரல் 10, 11, 12 தேதிகளில் தவக்காலத் தியானம். நடத்த வருகிறவர் முன்பு மூன்று வருடம் நம் பங்கில் சாமியாராக இருந்தவர் என்று சொல்லி, பெயரையும் சொன்னார்கள். முதல் நன்மை (பூசையில் முதன்முதலாக அப்பம்) வாங்கப்போகும் பிள்ளைகளுக்குப் பங்கு வீட்டு மேல்மாடியில் தனித் தியானம், பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும்.

பக்கத்தில் இருந்த விண்ணரசி மதினி (இவருடைய அக்கா) என்னை முழங்கையால் இடித்தாள். "நம்ம சாமில்லா வாராரு! எம் பேத்தியப் பாட வைக்கணும். அவரு இருக்கும்போது பாட்டுக் குழு எப்படி இருந்துச்சு!"

காணிக்கைத் தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இருபது ரூபாய் கையிலேயே கசங்கிக் கிடக்கிறது. எதில் எழுதுவதென்று தெரியாமல் எழுதாமல் விட்டேன்.

11.3.2025, செவ்வாய்

லிடியா மதுரையிலிருந்து போன் செய்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு மத்தியானம்தான் ஓய்வு.

"யம்மா, பங்கு குரூப்புல போட்டோ போட்டிருக்காவளே, பாத்தியா?"

"பாத்தேன்."

"அவருதானா?"

"ஆமா போலிருக்கு."

"சனிக்கிழம வாரேன்" என்றாள். குழம்புக்கு என்ன வைக்க என்று கேட்டேன். வைத்துவிட்டாள்.

15.3.2025, சனி

வந்து பையைக்கூட இறக்கவில்லை. "போலீஸ்ல எழுதிக் குடுக்கப்போறேன்" என்றாள். இவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அது ஒரு நன்மை.

அவளுக்கு அப்போது பதினோரு வயது. செபமாலை மாதம் (அக்டோபர்), பாட்டுப் பழக மேல்மாடிக்குப் போவாள். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

"எத்தனாம் தேதின்னு கேப்பாங்களாம். எனக்கு மாசம்தான் ஞாபகம் இருக்கு. நீதான் உப்பு வாங்குனதக்கூட எழுதுவியே. 2014 நோட்டு எங்க?"

"அதெல்லாம் கறையான் அரிச்சிட்டு."

என் முகத்தையே பார்த்தாள். "சரி" என்றாள். குளிக்கப் போனாள். வாளி நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. நான் கதவைத் தட்டவில்லை.

அயிரை மீன் 120. அவள் தொடவில்லை.

16.3.2025, ஞாயிறு

லிடியா மதியம் பஸ் ஏறினாள். வெயில் நன்றாக இருந்தது. பெட்டியைத் திறந்து 2001 முதல் 2024 வரை இருபத்துநான்கு நோட்டையும் காயவைத்து, பாச்சா உருண்டை போட்டு அடுக்கினேன். பாச்சா உருண்டை 20.

19.3.2025, புதன். சூசையப்பர் திருநாள்

இவர் பெயர் சூசை அந்தோணி. பெயர் கொண்ட நாள் என்பதால் சேமியா பாயசம் வைத்தேன். லிடியா லீவு போட்டு வந்தாள். அப்பாவுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் வந்தாள் என்று நினைத்தேன். பாயசக் கிண்ணம் கையில் இருக்கும்போதே அவரிடம் சொல்லிவிட்டாள்.

இவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சாமியார்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. "ஏட்டி, இத்தன வருசம் கழிச்சா" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவள் அடுக்களைக்குள் போனபிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏ மிக்கேலு. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவளுக்குக் கேட்டுவிட்டது. ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. குழாயைத் திரும்பத் திறந்துவிட்டாள்.

22.3.2025, சனி

லிடியாவோடு திருநெல்வேலி போய் வந்தேன். பஸ் இருவருக்கும் போக வர 136.

வக்கீல் ஒரு கன்னியாஸ்திரி. சிஸ்டர் எமரன்சியா. சாதா காட்டன் சேலை, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. சாமியார் மேல் வழக்கு என்று சொல்லக் கூசி, பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசினேன். அவர் டீ வரவழைத்துவிட்டு, "முதல்ல குடிங்க. கேஸ் எங்கயும் ஓடிறாது" என்றார்.

ஓடிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து வருடம் தாண்டினால் செல்லாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படி இல்லையாம். சிஸ்டர் சொல்லச் சொல்ல நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

பதினெட்டு வயதுக்குள் நடந்தது, 2012 நவம்பருக்குப் பிறகு நடந்தது என்றால் போக்சோ சட்டம். எத்தனை வருடம் கழித்தும் புகார் கொடுக்கலாம். அதற்கு முன்னால் நடந்தவர்களுக்கும் பழைய சட்டத்தில் வழி உண்டு. லிடியாவின் பெயரையோ படத்தையோ யாரும் வெளியிடக் கூடாது. பெண் அதிகாரி, காக்கி உடுப்பு இல்லாமல், நாம் சொல்லும் இடத்துக்கே வந்து எழுதிக்கொள்வார். கோர்ட்டில் கதவை அடைத்து விசாரணை. வக்கீலுக்குக் கொடுக்க இல்லாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம். வயதுக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழே போதும். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டுப் பங்கு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

"ஆயருக்குத்தான் முதல்ல எழுதணும்னு சொல்லுவாங்களே சிஸ்டர்?" என்றாள் லிடியா.

"எழுதலாம். எழுதணும். அங்க விசாரிச்சு அவர குருத்துவத்துல இருந்தே விலக்கலாம். ஆனா ஆயரால யாரையும் ஜெயில்ல போட முடியாது. ரெண்டும் வேற வேற. ஒண்ணு செஞ்சா இன்னொண்ணு வேண்டாம்னு யாராவது இனிப்பாப் பேசினா எழுந்து வந்துரு."

நான் ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டேன். "அப்பவே விசயம் தெரிஞ்ச ஒரு ஆள், சொல்லாம இருந்திருந்தா?"

"அதுவும் குத்தம்தான்மா. இருபத்தொண்ணாம் பிரிவு. ஆறு மாசம் வரைக்கும் போடலாம், இல்லன்னா அபராதம். பிள்ளைக்குத்தான் அது கிடையாது, பெரியவங்களுக்கு உண்டு."

லிடியா சட்டென்று குறுக்கே புகுந்தாள். "அப்படி யாரும் இல்ல சிஸ்டர். நான் யாருட்டயும் சொல்லல."

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஒண்ணு சொல்லுதேன், மனசைத் தேத்திக்கோ. எதிர்ப்பக்க வக்கீல் அதையேதான் பிடிப்பாரு. இத்தன வருசமா ஒருத்தர்கிட்டயும் ஏன் சொல்லலன்னு. அன்னைக்கே ஒரு ஆள்கிட்ட சொல்லியிருந்தா அது நமக்குப் பெரிய பலம். இல்லன்னாலும் கேஸ் நிக்கும். ஆனா உன்னைய நிறைய அழவைப்பாங்க."

லிடியா சான்றிதழை நகல் எடுக்கப் போனபோது சிஸ்டரிடம் தனியாகக் கேட்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன காரியத்தை வெளியே சொன்னால் சாவான பாவம்தானே?

"சாமியாருக்கு. கேட்டவருக்குத்தான்மா அந்தக் கட்டு. சொன்னவங்களுக்கு ஒரு கட்டும் கிடையாது. நீங்க சொன்னத நீங்க யார்ட்ட வேணாலும் சொல்லலாம்." பிறகு தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் உண்டுன்னு யாரு சொன்னது?"

பஸ் வருகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

23.3.2025, ஞாயிறு

பூசையில் நன்மை வாங்கவில்லை.

24.3.2025, திங்கள்

ஆறு மாதம் என்றால் நூற்று எண்பது நாள். பெண்கள் சிறையில் செபமாலை வைத்துக்கொள்ள விடுவார்களா தெரியவில்லை. இவருக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பது? வேலையை விட்டு நிறுத்தினால் என்ன செய்வது? நாளைக்கு நாங்கள் செத்தால் கோவிலில் துக்கமணி அடிப்பார்களா, கல்லறையில் இடம் கொடுப்பார்களா? பால்காரன் மணி அடித்தாலும் போலீஸ் என்று நினைத்துக்கொள்கிறேன். இன்னும் புகாரே கொடுக்கவில்லை.

2014 நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

எடுத்தேன் என்று எழுதிவிட்டேன். கணக்கில் நான் அடித்தல் திருத்தல் வைப்பதில்லை. இருக்கட்டும்.

அதில் இருக்கிறபடியே எழுதுகிறேன்:

"13.10.2014 திங்கள். கத்தரிக்காய் 12. வெங்காயம் 18. லிடியா சாமியைப் பற்றிச் சொன்னாள். அடித்தேன். தேங்காய் பன் 8. சாயங்காலம் பாவசங்கீர்த்தனம். அபராதம் ஐம்பத்துமூன்று மணி செபமாலை, மூன்று நாள். இனி இதைப் பேசுவதில்லை."

அந்த மூன்று வருடமும் எங்கள் பங்குக்கு அவர் ஒருவர்தான் சாமி. அடுத்த பக்கங்களைப் புரட்டவில்லை. நோட்டை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அடுப்பில் வைக்கலாம் என்றும் ஒரு நேரம் நினைத்தேன். கேஸ் அடுப்பில் அது எளிதில்லை.

28.3.2025, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வாசலில் மதினி பிடித்துக்கொண்டாள். இவர் அக்காவிடம் வாயை விட்டிருக்கிறார்.

"ஏ மிக்கேலு, உன் மவளுக்கு மதுரையில யாரு ஓதிவிட்டது?"

"யாரும் ஓதல மதினி."

"குருவானவர் மேல பழி போட்டா குடும்பம் வெளங்குமா? தம்பிக்கு மூணு வருசத்துல பென்சன். பேசாம அவளுக்கு ஒரு மாப்பிள்ளையப் பாரு. கழுத்துல தாலி ஏறுனா இதெல்லாம் மறந்துரும். வக்கீலாம், போலீசாம்! பத்துக் காசு செலவில்லாம முடிக்க வேண்டிய காரியத்த."

மதினியின் பேத்தி அபிஷா முதல் நன்மைக்குத் தைத்த வெள்ளைக் கவுனைப் பையிலிருந்து உருவி எனக்குக் காட்டினாள். ஒன்பது வயது. முன்பல் இரண்டு பெரிதாக முளைத்திருக்கிறது.

"சின்னாச்சி, பெரிய சாமி வந்ததும் நான் தனியாப் பாடணுமாம். மேல்மாடியில டெஸ்ட் வைப்பாராம்."

"யாரு சொன்னா?"

"சாமியே ஆச்சிக்குப் போன் பண்ணி, யாரு நல்லாப் பாடுவான்னு கேட்டாராம்."

மதினி பெருமையாகச் சிரித்தாள். கவுனைத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

30.3.2025, ஞாயிறு

லிடியா பேசினாள். செவ்வாய்க்கிழமை மகளிர் காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருகிறார்களாம். "நீ பக்கத்துல இருந்தாப் போதும். ஒண்ணும் பேச வேண்டாம்" என்றாள். அதையே இரண்டு தடவை சொன்னாள்.

1.4.2025, செவ்வாய்

இன்றைக்குக் கணக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பத்தரைக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா சுடிதாரில் வந்ததால் எதிர்வீட்டுக்காரி சீட்டுக்காரி என்று நினைத்துவிட்டாள். எழுதுவதற்கு ஒரு பெண் போலீஸ், அப்புறம் சிஸ்டர் எமரன்சியா. இவர் லீவு போட்டுவிட்டு நடுவீட்டில் சுவரோரமாக நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

லிடியா சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல். நான் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

எழுதி முடித்துக் கையெழுத்துக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வாசித்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் இப்படி வந்தது: "பயத்தினாலும் வெட்கத்தினாலும் இதை நான் என் தாய் உட்பட யாரிடமும் சொல்லவில்லை."

லிடியா பேனாவை எடுத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. பேசாமல் இருந்தால் போதும். அவள் அதற்குத்தான் இரண்டு தடவை சொன்னாள்.

"நில்லுட்டி" என்றேன்.

"யம்மா, சும்மா இரு."

"இன்ஸ்பெக்டரம்மா, அந்த வரி பொய். எங்கிட்டச் சொன்னா. மறுநாளே சொன்னா. நான்தான் அடிச்சேன்."

இன்ஸ்பெக்டர் தாளைக் கீழே வைத்தார். "அம்மா, நீங்க சொல்றது உங்களுக்கே எதிராத் திரும்பலாம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும். இருபத்தொண்ணாம் பிரிவு. ஆறு மாசம். எழுதி வச்சிருக்கேன்."

அடுக்களைக்குப் போனேன். அரிசிப் பானையை நகர்த்தி நோட்டை எடுத்து வந்து கொடுத்தேன். லிடியா அட்டையைப் பார்த்தாள். 2014 என்று பெரிதாக எழுதி, ஓரத்தில் பூ வரைந்திருக்கும். பூ அவள் வரைந்தது.

இன்ஸ்பெக்டர் அந்த வரிகளைச் சத்தமாக வாசித்தார். பிறகு, "பாவசங்கீர்த்தனம் யார்கிட்டப் பண்ணினீங்க?"

பத்தரை வருடமாக அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை.

"தனிஸ்லாஸ் சாமிட்ட."

"அவர்கிட்டயேவா?"

"ஊருல அவரு ஒருத்தருதான் சாமி. பிள்ளைய அடிச்சது பாவம்னு சொல்லப் போனேன். ஏன் அடிச்சன்னு கேட்டாரு. சொன்னேன். பெறவு, 'இது இப்ப பாவசங்கீர்த்தன ரகசியமாயிட்டு. நீ இத வெளிய சொன்னா சாவான பாவம், உனக்குத் தேவ நன்மையே கிடையாது'ன்னாரு. நான் நம்புனேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்புறதுக்கு லேசா இருந்துச்சு. அதனால நம்புனேன்."

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். அந்தத் தேதிக்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் இருந்தது. 'லிடியா பாட்டு வகுப்பு, ரிப்பன் 6.' 'லிடியா பாட்டு வகுப்பு, மிட்டாய் 2.' சாமி மாற்றலாகிப் போன மே மாதம் வரைக்கும் உள்ள பக்கங்கள் 2015 நோட்டில் இருக்கும் என்றேன். அதையும் எடுத்து வரச் சொன்னார்கள்.

நான் பெட்டியைத் திறக்கும்போது லிடியாவின் குரல் கேட்டது. சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மெல்லிய குரல்.

"அதான் சிஸ்டர். அம்மா அடிச்ச அந்த நாளுக்குப் பெறவு அவரு கதவக்கூட அடைக்கல. ஏன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

இவர் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு பக்கத்தை மாற்றி எழுதினார்கள். லிடியா கையெழுத்துப் போட்டாள். என் வாக்குமூலத்தைத் தனியாக எழுதினார்கள். இரண்டு நோட்டையும் வாங்கிக்கொண்டதற்கு மகஜர் என்று ஒரு தாள் எழுதி, நகல் கொடுத்தார்கள். சிஸ்டர் போகும்போது என் தோளில் கை வைத்து, "உங்கள சாட்சியாத்தான் கேப்பாங்கன்னு நான் நினைக்கேன். சத்தியம் பண்ண முடியாது" என்றார். பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. அதற்காக அவரைப் பிடித்தது.

லிடியா நான் வைத்த சோற்றைத் தொடாமல் மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

2.4.2025, புதன்

இவர் மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். பால் 30.

4.4.2025, வெள்ளி

மதினி வந்து வாசலிலேயே நின்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டிவிட்டுப் போனாள். நான் படியிறங்கிப் போய் ஒன்றே ஒன்று சொன்னேன். "மதினி, என்னய என்ன வேணாலும் சொல்லுங்க. அபிஷா எதாவது சொன்னா அடிச்சிறாதீங்க." திட்டிக்கொண்டிருந்தவள் வாய் அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்காமல் போனாள்.

6.4.2025, ஞாயிறு

பூசைக்குப் போனேன். போகக் கூடாது என்று இவர் சொன்னார்; ஆனாலும் சட்டை மாட்டிக்கொண்டு கூட வந்தார். எங்கள் வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. "தவிர்க்க முடியாத காரணத்தால் தியானத்தை வேறொரு தந்தை நடத்துவார்" என்று அறிவித்தார்கள். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. அபிஷாவும் மதினியும் வரவில்லை.

முடிந்து வெளியே வந்தால் வாசலில் லிடியா, அப்பாவின் வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். காலை பஸ்ஸில் வந்திருக்கிறாள். கோவிலுக்குள் அவள் வந்து பல வருடமாகிறது. இவர் எங்களைப் பார்த்துவிட்டு, சாவியை அவளிடம் கொடுத்து, நடந்தே வருகிறேன் என்று முன்னால் போய்விட்டார்.

அவள் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அந்த நோட்டு திரும்பி வருமா?"

"கேஸ் முடிஞ்ச பெறவுன்னு சொன்னாவ."

"தேங்கா பன்னுன்னு எழுதியிருந்தியே. அத நான் திங்கல. கோவில் கிணத்துல போட்டேன். தின்னா, நீ அடிச்சது சரின்னு ஆயிரும்னு தோணிச்சு."

ஜனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. மன்னிச்சிரு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அவளிடம் அதைக் கேட்டு வாங்கிவிட்டு நான் லேசாகிப் போவதா என்று நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

"மாஜிஸ்திரேட் முன்னால வாக்குமூலம் குடுக்க எனக்கு இருபத்தொண்ணாம் தேதி. உனக்கு வேற தேதி குடுப்பாங்களாம்" என்றாள். "பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்."

வண்டியை உதைத்தாள். இரண்டாவது உதையில் பிடித்தது. பின்னால் திரும்பாமலே, "ஏறு" என்றாள்.